டிரையர் ஏன் சுற்ற மறுக்கிறது?

ஸ்ரீபெரும்புதூர் அருகே 2007இல் தொடங்கிய சாம்சங் ஆலையில் டிவி, ஃபிரிட்ஜுடன் வாஷிங் மெஷினும் தயாராகிறது. அருகிலுள்ள ஒரகடம் தொழில் வட்டாரத்தில் ஷிப்ட் முடிந்து திரும்புவோரின் சீருடை, ஐப்பசி மழையில் காய்வது கடினம். இரட்டைத் தொட்டி மெஷினின் டிரையர் அப்போது பெரிய துணை.

அது எப்படி உலர்த்துகிறது? சூட்டால் அல்ல, வேகத்தால். தொட்டி சுழலும்போது துணியைச் சுவர் தடுக்கிறது. நீர் துளைகள் வழியே வெளியேறுகிறது.

சத்தமே இல்லையா? மூடி சுவிட்ச், டைமர், வயரில் கோளாறு இருக்கலாம். 'உம்' என்ற ஒலி மட்டும் வருகிறதா? பிளக்கைக் கழற்றுங்கள். மூடியை மூடிவைத்து, பின்பலகையைத் திறந்து, மோட்டார் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பிரேக் விடுபடவில்லை, அல்லது தொட்டிக்கடியில் சிறு துணி சிக்கியிருக்கிறது. எளிதாகச் சுற்றினால் கெபாசிட்டரைச் சந்தேகியுங்கள்.

ஏன் கெபாசிட்டர்? வீட்டின் 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தால் மட்டும் சுழலும் காந்தப்புலம் உருவாகாது. இரண்டாவது சுருளின் மின்னோட்டத்தைக் காலத்தில் சற்று விலக்கி, மோட்டாரைக் கிளப்புவது கெபாசிட்டரே. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அளவில் மாற்ற வேண்டும்.

பிளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதன் முனைகளைத் தொடாதீர்கள். அதை மாற்றும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.