கரிசல் பாதையும் ஒரே ரயில்வேயும்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876 தொடக்கத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி என்று கரிசல் காட்டின் நடுவே செல்லும் அந்தப் பாதையை நடத்தியது அரசாங்கமல்ல, லண்டனில் பதிவான சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி. அந்தக் கம்பெனியே ஓர் இணைப்பில் பிறந்ததுதான். கிரேட் சதர்ன், கர்நாடிக் என்ற இரண்டு கம்பெனிகள் 1874-இல் ஒன்றாயின.

நாடு முழுக்க இதே கதை. பாதை போட்டவர்கள் பல பேர். கம்பெனிகள் ஒரு பக்கம், சமஸ்தானங்கள் இன்னொரு பக்கம். விடுதலையின்போது சிறிதும் பெரிதுமாக 42 ரயில்வே அமைப்புகள் இருந்தன. சென்னையில் மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே, திருச்சியில் சவுத் இந்தியன், மைசூரில் சமஸ்தான ரயில்வே என்று தெற்கில் மட்டும் மூன்று தலைமைகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பட்டறை, தனித்தனி விதி. தண்டவாளத்தின் அகலத்திலும் ஒற்றுமை இல்லை. அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர், மீட்டர்பாதை 1,000 மில்லிமீட்டர். கோவில்பட்டி வழிப் பாதை அன்று மீட்டர்பாதை. இங்கே ஏற்றிய பருத்திப் பொதியோ தீப்பெட்டி பண்டலோ அகலப்பாதை ஊருக்குப் போக வேண்டுமென்றால், நடுவழியில் ஏதோ ஒரு சந்திப்பில் வேகனைவிட்டு வேகன் மாற்றியாக வேண்டியிருந்தது. அதற்குக் கூலி தனி, தாமதம் தனி, நனைந்தாலும் உடைந்தாலும் வரும் நஷ்டம் தனி.

ஒரே தலைமைக்கான முயற்சி கம்பெனிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1905-இல் ரயில்வே வாரியம் அமைந்தது. ரயில்வே நிர்வாகத்தை ஆராய்ந்த அக்வொர்த் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1924-இல் ரயில்வேக்குத் தனி பட்ஜெட் வந்தது. 2017-இல்தான் அது மீண்டும் பொது பட்ஜெட்டில் கலந்தது. தெற்கின் இரண்டு பெரிய கம்பெனிகளும் 1944-இல் அரசின் கைக்கு வந்தன. விடுதலைக்குப் பிறகு அத்தனையையும் சில மண்டலங்களாகத் திரட்டும் யோசனை எழுந்தபோது, அவசரம் வேண்டாம், ஐந்தாண்டு பொறுக்கலாம் என்று அதை ஆராய்ந்த குன்ஸ்ரு குழு சொன்னது. ரயில்வே அமைச்சர் என். கோபாலசாமி அய்யங்கார் பொறுக்கவில்லை. 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கின் மூன்று ரயில்வேக்களும் சேர்ந்து தென்னக ரயில்வே ஆயின. புதிய மண்டலங்களில் முதலாவது அதுதான். மற்றவை ஓராண்டுக்குள் வந்தன. மதுரைக் கோட்டம் 1956-இல் அமைந்தது. கோவில்பட்டி இன்றும் அதன் கீழ்தான்.

பெயர்ப்பலகை மாறுவது ஒரு நாள் வேலை. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, அதில் மூன்று மொழி என்பது இன்று காஷ்மீரானாலும் குமாரபுரமானாலும் ஒன்றுதான். கோவில்பட்டிக்குத் தெற்கே அடுத்துள்ள இந்தக் குமாரபுரம், இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியின் சிறுகதையால் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான ஸ்டேஷன். எங்கும் ஒரே முறையில் ஐந்து இலக்க ரயில் எண் 2010-இல் வந்தது. பச்சை விளக்கைப் பிடித்து நிற்கும் யானைக்குட்டி ‘போலு’, 150-ஆம் ஆண்டையொட்டி 2002-இல் ரயில்வேயின் சின்னமானது.

மண்ணோடு சேர்ந்த வேலை அப்படி ஒரு நாளில் முடிவதில்லை. எல்லாப் பாதையையும் ஒரே அகலத்துக்கு மாற்றும் திட்டம் 1992-இல்தான் வேகம் பிடித்தது. நிர்வாகம் ஒன்றாகி அதற்குள் 40 ஆண்டு போய்விட்டது. கரிசல் மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. மழையில் ஊறி உப்பும். கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் நேராகக் கருங்கல் ஜல்லியைப் போட்டால் நாளடைவில் ஜல்லி சேற்றில் இறங்கிவிடும், தண்டவாளமும் மட்டம் தவறும். அதனால் மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே சரளையும் மணலும் கலந்த ஓர் அடுக்கு போடுகிறார்கள். அதற்கான அளவுகோலை லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுமைக்கும் வகுக்கிறது. ஒரே தலைமையின் நிஜமான பயன் சின்னத்தைவிட இப்படிப்பட்ட இடங்களில்தான் அதிகம்.

வெளிநாட்டு அனுபவம் இரண்டு விதம். பிரிட்டனில் 1948-இல் ரயில்வே தேசியமயமானது. 1965-இல் வந்த இரட்டை அம்புச் சின்னம் நாடறிந்தது. 1990-களில் ரயில்வேயைத் துண்டு போட்டு விற்றார்கள், ஆனால் அம்பு மட்டும் ஸ்டேஷன் வாசலிலிருந்து இறங்கவில்லை. மீண்டும் ஒரே தலைமை வேண்டும் என்று ‘கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ்’ திட்டம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. ஜப்பானோ 1987-இல் தேசிய ரயில்வேயை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தும், ‘ஜே.ஆர்.’ என்ற பெயரைப் பொதுவாக வைத்துக்கொண்டது.

இந்தியாவில் பெயர் ஒன்றாகியும் உள்ளே சுவர்கள் நின்றன. சிவில், மெக்கானிக்கல், மின்சாரம், டிராஃபிக், கணக்கு என்று ஆளுக்கொரு பணிப்பிரிவு, அதற்குள் ஆளுக்கொரு பதவி உயர்வு வரிசை. இப்படி எட்டுப் பிரிவுகளை இந்திய ரயில்வே மேலாண்மைப் பணி என ஒன்றாக்க 2019 டிசம்பரில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. வாரியத் தலைவருக்குத் தலைமைச் செயல் அதிகாரி என்ற பொறுப்பும் சேர்ந்தது. பொறியியல் ஆட்களைப் பொதுத் தேர்வில் எடுப்பதில் சிக்கல் வரவே, 2024-இல் அவர்களுக்குப் பழையபடி பொறியியல் பணித் தேர்வு திரும்பியது.

தலைமை ஒன்றானதன் இன்னொரு பக்கம் கோவில்பட்டி பிளாட்பாரத்தில் தெரியும். ஓர் எக்ஸ்பிரஸுக்கு ‘ஸ்டாப்பிங்’ கேட்டு ஊர்க்காரர்கள் மதுரைக் கோட்ட மேலாளரிடம் மனு கொடுப்பார்கள். மனு அங்கிருந்து சென்னை போய், சென்னையிலிருந்து ரயில்வே வாரியம் இருக்கும் டெல்லி ரயில் பவன் போகும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய சென்னை – நாகர்கோவில் வந்தே பாரத், கோவில்பட்டியில் நின்று போகிறது. அந்தச் சில நிமிடங்களுக்கான அனுமதியும் வாரியம் கொடுத்ததுதான்.