ஒரே நாளில் நூற்றிருபது பேரா? வேண்டாமே!

"நாளைக்கு எங்க ஆபீஸ்ல ரத்ததானம். காலைல ரெண்டு இட்லி கூட வை!" என்று உங்கள் வீட்டுக்காரர் என்றைக்காவது சொல்லியிருப்பார். நீங்களே வேலைக்குப் போகிறவரென்றால், முழங்கையில் பிளாஸ்திரியோடு ஒரு சாயங்காலம் வீடு திரும்பியிருப்பீர்கள். கம்பெனி ஆண்டு விழா, முதலாளி பிறந்தநாள், அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான நாள்... ஏதோ ஒரு சாக்கில் வரிசையாகக் கட்டில் போட்டு, நூறு, நூற்றிருபது பேர் ஒரே மூச்சில் கொடுத்துவிடுகிறார்கள். போட்டோ எடுத்தாச்சு. அப்புறம்? அடுத்த வருஷம்தான்!

நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் ரத்த வங்கி பக்கம் நின்று பாருங்கள். அரசு ஆஸ்பத்திரி வங்கிகளைத் தவிர, செஞ்சிலுவைச் சங்கம், ரோட்டரி, லயன்ஸ் என்று தொண்டு அமைப்புகள் நடத்துகிற வங்கிகளும் உண்டு. 'எவ்வளவு ரத்தம்' என்பதோடு, 'எப்போது' என்பதும் அவர்களுக்குப் பெரிய கவலை.

ஏன்? நீங்கள் கொடுக்கும் 350 மில்லியோ, 450 மில்லியோ பெரும்பாலும் அப்படியே யாருக்கும் ஏற்றப்படுவதில்லை. சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரிக்கிறார்கள். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஒரு வருஷம் தாங்கும். சிவப்பணு 35 நாள். அதற்கென்று உள்ள திரவத்தைச் சேர்த்தால் 42 நாள். தட்டணு? வெறும் 5 நாள்! அதையும் ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. 20 முதல் 24 டிகிரியில், தொட்டில் குழந்தை மாதிரி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரே நாளில் நூற்றிருபது பேர் கொடுத்தால் அந்த வாரம் தட்டணு மிஞ்சும். காலாவதியானதைக் கொட்டத்தான் வேண்டும். இரண்டு வாரம் கழித்து, புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் ஒருவருக்குத் தட்டணு வேண்டுமென்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். அப்போது உங்கள் ஆபீஸில் யாரையும் கூப்பிட முடியாது. ஒருமுறை கொடுத்தால் ஆண்கள் 3 மாதம், பெண்கள் 4 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதியாச்சே!

தாலசீமியா குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். பிறவியிலேயே சரியான சிவப்பணு உற்பத்தியாகாத நோய் இது. கடுமையாக இருந்தால் இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆகவேண்டும். தாமதமானால் குழந்தை வெளிறிப் போய், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். ஆபீஸ் ஆண்டு விழா தேதி அந்தக் குழந்தைக்குத் தெரியுமா என்ன? மே மாதம் காலேஜுக்கெல்லாம் லீவு விட்டு மாணவர் முகாம்கள் நின்றுபோனாலும், அதற்கு மூணாவது வாரம் வந்தே தீரும்.

அப்போ என்ன செய்யலாம்? அதே நூற்றிருபது பேரை மாதம் பத்துப் பேராகப் பிரியுங்கள். பத்துப் பேருக்காக டாக்டர், நர்ஸ், கட்டில், வேன் எல்லாவற்றையும் அழைப்பது வங்கிக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே நீங்கள்தான் போக வேண்டும். இரண்டு காரில் ஒரு சனிக்கிழமை போய்வந்தால் முடிந்தது. 'நெகட்டிவ்' குரூப்காரர்களை இந்தப் பட்டியலில் சேர்க்காமல் தனியாகக் குறித்து வையுங்கள். நம் நாட்டில் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான் அவர்கள். அவசரத்துக்குக் கூப்பிட்டால் வரத் தயாராக இருந்தாலே பெரிய உபகாரம்.

யார் எப்போது கொடுத்தார், அடுத்து எப்போது கொடுக்கலாம், போன் செய்தால் வருவாரா என்று கணக்கு வைப்பதற்கு ஆள் வேண்டுமே! தொண்டு அமைப்புகளில் இதற்கு ஆள் பற்றாக்குறை. ஊசி என்றாலே மயங்கி விழுகிறவர், இன்சுலின் போடுகிறவர், ரத்தசோகை உள்ளவர், பால் கொடுக்கும் தாய் – இவர்களெல்லாம் ரத்தம் தரக் கூடாதவர்கள் (மயங்குகிறவர் தராமலிருப்பதே எல்லோருக்கும் நல்லது!). ஆனால் மாதம் பத்து போன் பேசலாமே? ஆபீஸில் தினமும் கணக்கெழுதுகிற கைக்கு இந்தக் கணக்கு ஒரு சுமையா?

மேனேஜர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். 'எங்க செக்‌ஷன்ல எல்லாரும் கொடுத்தாச்சு' என்பது பெருமையில்லை, ஆபத்து. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்குப் பரிசோதனை உண்டுதான். ஆனால் தொற்றிய புதிதில் சில நாட்கள் பரிசோதனையிலும் சிக்காது. அந்த நேரத்தில் நம்மைக் காப்பது, கொடுப்பவர் மனசாட்சியோடு 'எனக்கு இப்ப வேண்டாம்' என்று ஒதுங்குவதுதான். மேலதிகாரி முறைத்துக்கொண்டு நின்றால் யார் ஒதுங்குவார்கள்? 'ஏன் கொடுக்கல?' என்ற கேள்வியே ஆபீஸில் வரக் கூடாது. கொடுக்காதவர் பெயரை நோட்டீஸ் போர்டில் போடுவது மகா தப்பு.

லீவு பற்றிக் கவலையா? வேலை நாளில் ரத்ததானம் செய்யும் மத்திய அரசு ஊழியர்களுக்கு, சான்று காட்டினால் வருஷத்துக்கு 4 முறை வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு தர 2017 டிசம்பரில் உத்தரவு வந்தது. தனியார் கம்பெனி என்றால் அரை நாள் பர்மிஷன் கேட்டுப் பாருங்கள்.

தகுதி: வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முந்தின நாள் குடித்திருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம். கொடுத்தபின் தண்ணீர், மோர், இளநீர் என்று நிறையக் குடித்து, கால் மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். உடனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறக்க வேண்டாம்.

முகாமுக்குத் தேதி குறிக்கும் முன், பக்கத்து ரத்த வங்கிக்கு ஒரு போன் போட்டு, "எந்த மாசம் உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் மாசத்திலிருந்து பட்டியலை ஆரம்பியுங்கள்.