பேர்மா பிழைத்த எண்

எண்களுள்ளும் சில தமக்கெனத் தனி வரலாறு உடையன. 4,294,967,297 அத்தகையதோர் எண். நம்மவர் வழக்கிற் கூறின், நானூற்றிருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. பேரறிஞர் ஒருவரின் கூற்று, தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளின் பின் இவ்வெண்ணாற் பொய்த்தது.

தன்னாலும் ஒன்றாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாததும், ஒன்றிலும் பெரியதுமான எண் முதன்மை எண் எனப்படும். இரண்டின் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களோடு ஒன்றைக் கூட்டின் 3, 5, 17, 257, 65,537 என்பன பெறப்படும். இவை ஐந்தும் முதன்மை எண்களே. பிரான்சு தேசத்துத் தூலூசு நகரில் நீதிமன்றப் பதவி வகித்த பியர் தெ பேர்மா, வலுவை இவ்வாறு இரட்டித்துச் செல்லின் வருவன யாவும் முதன்மை எண்களே எனத் தாம் நம்புவதை 1640இல் எழுதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைத்தாரல்லர்.

அடுத்து வருவது, இரண்டின் 32ஆம் வலுவோடு ஒன்று கூட்டிய நமது பேரெண். 65,536 வரையுள்ள முதன்மை எண்கள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டன. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க யாருக்குப் பொறுமை உண்டு? சுவிற்சர்லாந்தில் தோன்றிய கணித மேதை ஒயிலர், 641 இதன் காரணி என 1732இல் அறிவித்தார். இவ்வெண்ணின் முதன்மைக் காரணி எதுவும் 64இன் மடங்கிலும் ஒன்று கூடியதாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் பின்னர் நிறுவிய விதி. அவ்வாறான முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என வரும். முதல் நான்கும் மீதி தருகின்றன. ஐந்தாவது மீதியின்றி வகுக்கின்றது. ஈவு 6,700,417.

நீண்ட வகுத்தலின்றியும் இதனைக் காணலாம். 641 என்பது 5⁴ + 2⁴ ஆகும். ஆகவே இதனை 2²⁸ ஆற் பெருக்க வரும் 5⁴ × 2²⁸ + 2³² என்பது 641ஆல் வகுபடும். மேலும் 640 என்பது 5 × 2⁷. எந்த எண்ணின் நான்காம் வலுவிலிருந்தும் ஒன்றைக் கழிப்பின், எஞ்சுவது அவ்வெண்ணிலும் ஒன்று கூடியதால் வகுபடும். எனவே 5⁴ × 2²⁸ − 1 என்பதும் 641ஆல் வகுபடும். முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க எஞ்சுவது 2³² + 1. இரண்டும் வகுபடுமாயின் அவற்றின் வித்தியாசமும் வகுபடுமன்றோ!

பேர்மாவின் எண்கள் வீண்போயின அல்ல. பதினேழு பக்க ஒழுங்கான பல்கோணியை வரைகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்பதை 1796இல் இளைஞரான கவுசு கண்டதும் இவ்வெண்களின் இயல்பாலேயே. ஆயினும், முதல் ஐந்துக்கு அப்பால் இவ்வரிசையில் வேறொரு முதன்மை எண் இன்றுவரை அகப்படவில்லை. இரண்டின் 32ஆம் வலுவில் வருவது முதலாகத் தொடர்ந்து இருபத்தெட்டு எண்கள் முதன்மை எண்கள் அல்ல என நிறுவப்பட்டுள்ளன.

ஐந்து சான்றுகள் ஒரு நம்பிக்கையைத் தரலாம், தேற்றத்தைத் தரா. கூறியவர் எத்துணைப் பெரியவராயினும் நிறுவலைக் கேட்கும் உரிமை மாணவனுக்கு உண்டு. அவ்வுரிமையை அவனுக்கு வழங்குவது கணிதத்தின் தனிச் சிறப்பாகும்.