எந்த நிகழ்ச்சிக்கு எந்த அறை? கம்ப்யூட்டரே ஒதுக்கித் தரும்!

ஒரே அறை, ஒரே நேரம், இரண்டு நிகழ்ச்சிகள்! பள்ளி விழாக்களில் எளிதில் நேரக்கூடிய குழப்பம் இது. சுத்துக்கேணி போன்ற சிற்றூரில், அறைகள் குறைவான பள்ளி என்றால் இடம் கிடைக்காத பிள்ளைகள் மரத்தடிக்குத்தான் போகவேண்டும். நாள் கணக்கில் தயார் செய்துகொண்டு வந்த பிள்ளைக்கு எவ்வளவு ஏமாற்றம்! இதைத் தவிர்க்க உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரே உதவும்.

எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்துகொள்ளுங்கள். நிகழ்ச்சி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், அறை என 4 தலைப்புகள் இடுங்கள். உதாரணமாக:

கோலம் 9.00 – 10.00
கட்டுரை 9.30 – 11.00
வினாடி வினா 10.00 – 11.00
பேச்சு 10.30 – 12.00
பாட்டு 11.00 – 12.00

நிகழ்ச்சிகளை எந்த வரிசையில் டைப் செய்திருந்தாலும், பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் உள்ள சார்ட் மூலம் தொடங்கும் நேரப்படி வரிசைப்படுத்துங்கள். நேரத்தை மட்டும் தேர்வு செய்து சார்ட் செய்தால், ஒரு நிகழ்ச்சியின் நேரம் இன்னொன்றுக்குப் போய்விடும். கவனம்!

இனி மேலிருந்து கீழே வாருங்கள். காலியாக உள்ள முதல் அறையைக் கொடுங்கள். எதுவும் காலியில்லை என்றால் மட்டும் புது அறை. கோலத்துக்கு 1, கட்டுரைக்கு 2, வினாடி வினாவுக்கு மீண்டும் 1, பேச்சுக்கு 3, பாட்டுக்கு 1. ஆக 3 அறைகள். 10.30 மணிக்கு 3 நிகழ்ச்சிகள் ஒன்றாக நடப்பதால் இதற்குக் குறைவாக முடியவே முடியாது. ஆனால் பேச்சுப் போட்டியை 11.00 மணிக்குத் தள்ளினால் 2 அறைகளே போதும்!

அறைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால்தான் இந்த முறை சரிப்படும். 60 பேருக்குப் பெரிய அறை, கம்ப்யூட்டர் வகுப்புக்கு லேப் என்று நிபந்தனைகள் சேர்ந்தால் சிக்கல் பல மடங்காகும். அதற்கு உதவுவது 'எஃப்.இ.டி.' என்ற இலவச சாஃப்ட்வேர். ருமேனியாவைச் சேர்ந்த லிவியு லலெஸ்கு 2002-இல் தொடங்கியது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். அறைகள், அவற்றின் கொள்ளளவு, மாணவர் எண்ணிக்கை, எந்தப் பாடத்துக்கு எந்த அறை என்ற விவரங்களைக் கொடுத்தால், நேரத்தையும் அறையையும் சேர்த்தே ஒதுக்கித் தரும். நிபந்தனைகளின் முக்கியத்துவத்தைச் சதவீதத்தில் சொல்லலாம். 100 என்றால் மீறவே கூடாது என்று பொருள்.

ஒன்றை மறக்காதீர்கள். நாம் சொல்லாதது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மாடி ஏற முடியாத மாணவர் இருந்தால், அவருக்குக் கீழ்த்தள அறை வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாகக் கொடுங்கள். பட்டியல் தயாரானதும் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு அறை வாசலிலும் ஒட்டிவிடுங்கள்!