கிட்டார் வாங்கும் காசு எதற்குப் போக வேண்டும்?

ஸ்பெயின் நாட்டில் அந்தோனியோ தெ தோரெஸ் என்றொரு கிட்டார் கைவினைஞர் இருந்தார். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் உருவத்துக்கும் அளவுக்கும் அடித்தளம் போட்டவர் அவர். 1862-இல் அவர் ஒரு விசித்திரமான வேலை பார்த்தார். முன்பக்கப் பலகையை மட்டும் வழக்கம்போல ஸ்புரூஸ் மரத்தில் இழைத்துவிட்டு, பின்பக்கத்தையும் பக்கச் சுவர்களையும் காகிதக் கூழில் செய்தார். கிட்டாரின் குரலைத் தீர்மானிப்பது முன்பலகைதான் என்று நிரூபிப்பதே அவர் நோக்கம். அந்தக் காகிதக் கிட்டார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குறைந்த விலையில் நல்ல அக்கூஸ்டிக் கிட்டார் தேடுகிறவர்களுக்கு தோரெஸ் செய்த இந்தச் சோதனை உருப்படியான ஒரு பாடம். கடையில் நம் கண்ணில் முதலில் படுவது பளபளப்பு, நிறம், பின்பக்க மரத்தின் பெயர், பிராண்ட். ஒலியையும் வாசிக்கும் சுகத்தையும் தருபவை வேறு. அவை எவை என்று இயற்பியலைக் கேட்டால், காசை எங்கே போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது என்பது தெளிவாகிவிடும்.

பலகைதான் பாடுகிறது

கம்பி மிக மெல்லியது. அது எவ்வளவு அதிர்ந்தாலும் காற்றைப் பெரிதாக அசைக்க முடியாது. கம்பியின் அதிர்வு சாடில் என்ற சிறு வெள்ளைப் பட்டை வழியாக, அதைத் தாங்கும் பிரிட்ஜ் என்ற மரக்கட்டைக்கும், அங்கிருந்து முன்பலகைக்கும் போகிறது. அகன்ற பலகை அதிரும்போதுதான் காற்று அசைந்து ஒலி நம் காதை எட்டுகிறது. ஸ்பீக்கரில் காகிதக் கூம்பு செய்யும் வேலையை இங்கே பலகை செய்கிறது. உள்ளே அடைபட்ட காற்றுக்கும் பங்கு உண்டு. ஒலித்துளையும் அறையும் சேர்ந்து சுமார் 100 ஹெர்ட்ஸ் அளவில் ஒத்ததிர்வதால், 82 ஹெர்ட்ஸில் தொடங்கும் தடித்த கம்பியின் கீழ் ஸ்வரங்களுக்குக் கனம் கிடைக்கிறது.

இந்தப் பலகைக்கு இரண்டு எதிரெதிரான வேலைகள். வழக்கமான 12 கேஜ் ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கும் மேற்பட்ட விசையில் அதை இழுக்கின்றன. அதைத் தாங்கும் உறுதி வேண்டும். சின்னத் தட்டலுக்கும் அதிர வேண்டுமென்றால் எடையும் குறைய வேண்டும். எடை குறைவாகவும் விறைப்பு அதிகமாகவும் இருக்கும் மரம் ஸ்புரூஸ். அதன் இழையோடு ஒலி விநாடிக்கு 5,000 மீட்டர் வேகத்தில் ஓடும். காற்றில் அதன் வேகம் 340 மீட்டர்தான். பலகையின் கனம் 3 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அது வளையாமல் காப்பவை உள்ளே ஒட்டிய மரச் சட்டங்கள். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின் 1840-களில் பயன்படுத்தத் தொடங்கிய பெருக்கல் குறி வடிவச் சட்டம்தான் இன்றைக்கும் பெரும்பாலான ஸ்டீல் கம்பி கிட்டார்களில் இருக்கிறது.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “டாப் சாலிடா, லேமினேட்டா?” ஒரே மரத்திலிருந்து அறுத்த பலகை சாலிட். மெல்லிய தகடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டியது லேமினேட், அதாவது பிளைவுட். ஒட்டிய அடுக்குகள் அதிர்வை ஓரளவு விழுங்கிவிடும். “ஸ்புரூஸ் டாப்” என்று மட்டும் அட்டையில் போட்டிருந்தால் பெரும்பாலும் லேமினேட் என்றே கொள்ளுங்கள். “சாலிட்” என்ற சொல் இருக்க வேண்டும். சந்தேகமென்றால் ஒலித்துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரியும் நெருக்கமான கோடுகள் விளிம்பின் கனத்திலும் அப்படியே இறங்கினால் சாலிட். குறுக்கே ஒரு கருமையான அடுக்கு தெரிந்தால், அல்லது கோடுகள் பாதியில் நின்றுவிட்டால், லேமினேட். விளிம்பில் கெட்டியாகப் பெயின்ட் பூசி மறைத்திருந்தால் துளை வழியே உள்ளே பார்த்து, மேலே உள்ள கோடுகள் உள்ளேயும் அதே இடத்தில் ஓடுகின்றனவா என்று ஒப்பிடலாம்.

நம் ஊர்க் கடைகளில் 10,000 ரூபாய்க்குள் கிடைப்பவை பெரும்பாலும் லேமினேட்தான். புதிதாகப் பழகுகிறவருக்கு அதில் ஒன்றும் குறையில்லை. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் அந்தக் கூடுதல் பணம் சாலிட் டாப்புக்குப் போகட்டும். பிக்கப், ஈக்வலைசர், உள்ளேயே ட்யூனர் என்று அடுக்கிய கிட்டார் அதே விலைக்குக் கிடைத்தால் மயங்க வேண்டாம். அந்தச் சாமான்களின் விலையை மரத்திலும் வேலைப்பாட்டிலும்தான் குறைத்திருப்பார்கள்.

ஈட்டி மரத்தின் மவுசு

விலையை ஏற்றும் இன்னொரு பெயர் ரோஸ்வுட். பின்பக்கத்துக்குப் பிரேசில் ரோஸ்வுட்தான் உசத்தி என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த மரம் அருகிப்போனதால் 1992-இல் அதன் சர்வதேச வணிகம் தடை செய்யப்பட்டது. அதற்கு முன்பே அதன் இடத்துக்கு வந்துவிட்டது இந்திய ரோஸ்வுட். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள். 2017-இல் ஈட்டி உட்பட ரோஸ்வுட் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்துக்குள் வந்தது. பிறகு 2019-இல்தான் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது.

இத்தனை மவுசுக்கும் காதில் கேட்கும் வித்தியாசம் உண்டா? பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் இதைச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். ஒரே வடிவம், ஒரே வகை முன்பலகை. பின்பக்கமும் பக்கமும் மட்டும் ஆறு வெவ்வேறு மரங்கள். அப்படி ஆறு கிட்டார்களைச் செய்யவைத்து, எது எந்த மரம் என்று தெரியாதபடி 52 கிட்டார் கலைஞர்களிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹாகனி, மேப்பிள், சபேலே, வால்நட் ஆகிய ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் கிடைத்தது. விலை உயர்ந்த மரத்துக்குத் தனி மரியாதை எதுவும் இல்லை. தோரெஸ் காகிதக் கூழில் சொன்னதை 150 ஆண்டுகள் கழித்துப் புள்ளிவிவரம் ஆமோதித்தது என்று வைத்துக்கொள்ளலாம். பட்ஜெட் கிட்டாரில் பின்பக்கம் லேமினேட்டாக இருந்தால் கவலையே வேண்டாம்.

மில்லிமீட்டரில் இருக்கிறது சுருதி

அடுத்து, நெக் எனும் கழுத்துப் பகுதியில் பதித்த ஃபிரெட் என்ற உலோகப் பட்டைகள். கம்பியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட்டின் இடம் கிடைக்கும். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. 650 மில்லிமீட்டர் கம்பிக்கு முதல் ஃபிரெட் 36.5 மில்லிமீட்டரில் வரும்; பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 325-இல் வரும். பன்னிரண்டாவது ஃபிரெட் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பதிந்தால் அரை ஸ்வரத்தில் இருபதில் ஒரு பங்கு சுருதி விலகும். பழகிய காது கண்டுபிடித்துவிடும். வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிப்பதால் சுருதி விலகினால் மறுபடி மேளம் கட்டிக்கொள்ளலாம். கிட்டாரில் அந்த வசதி கிடையாது. ஃபிரெட் பதித்த இடம் பதித்ததுதான். நல்லவேளையாக இன்று ஃபிரெட்டுக்கான பள்ளங்களைக் கணினி வழி இயங்கும் இயந்திரங்கள் அறுக்கின்றன. மலிவு விலைக் கிட்டார்கள் முன்பைவிடச் சுருதி சுத்தமாக ஒலிக்க இது ஒரு முக்கியக் காரணம்.

இதைச் சோதிக்க போனில் ஒரு ட்யூனர் ஆப் போதும். கம்பியைப் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே விரலால் லேசாகத் தொட்டு மீட்டுங்கள். மணி போல ஒரு ஒலி வரும், அதுதான் ஹார்மோனிக். பிறகு அதே ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். ட்யூனரில் இரண்டும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஆறு கம்பிகளிலும் இப்படிப் பாருங்கள். துருப்பிடித்த பழைய கம்பி தப்பாகக் காட்டும். அதனால் புதுக் கம்பி மாட்டச் சொல்லிச் சோதிப்பது நல்லது. பிறகு ஒவ்வொரு ஃபிரெட்டாக எல்லாக் கம்பிகளையும் அழுத்தி மீட்டுங்கள். எங்காவது ‘ஸ்ஸ்ர்ர்’ என்று இரைந்தால் அந்த ஃபிரெட்டோ பக்கத்து ஃபிரெட்டோ உயரம் தப்பியிருக்கிறது.

விரல் வலிக்கு ஒரு கணக்கு

கிட்டார் வாங்கிய பலர் சில மாதங்களில் அதை அலமாரி மேல் தூக்கிப் போடுவதற்கு விரல் வலி பெரிய காரணம். வலியின் மூலம் பெரும்பாலும் ‘ஆக்‌ஷன்’: கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளி. ஸ்டீல் கம்பி கிட்டாரில் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் இது தடித்த கம்பிக்கு 2.5 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு 2 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் சுகம். மூன்றைத் தாண்டினால் கஷ்டம். வலி மட்டுமில்லை; உயரத்திலிருந்து அழுத்தும்போது கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும்.

ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆக்‌ஷன் அதிகமாக இருந்தால் உடனே வேண்டாமென்று சொல்லிவிட வேண்டியதில்லை. சாடிலைத் தேய்த்துக் குறைக்கலாம். ஆனால் பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பியின் நடுவில் இருப்பதால், சாடிலில் 2 மில்லிமீட்டர் தேய்த்தால் அங்கே 1 மில்லிமீட்டர்தான் குறையும். ஆக்‌ஷன் 4 மில்லிமீட்டர் இருக்கிறது, பிரிட்ஜுக்கு மேலே தெரியும் சாடிலோ 2 மில்லிமீட்டர்தான் என்றால், தேய்க்க இடமில்லை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தக் கிட்டாரை வைத்துவிடுங்கள். நெக்கின் வளைவையும் பாருங்கள். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும், நெக் உடலோடு சேரும் பதினான்காவது ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருக்கலாம். அதற்கு மேல் என்றால் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். அந்தத் தண்டே இல்லாத ஸ்டீல் கம்பி கிட்டாரை வாங்காதீர்கள்.

வாசிப்பவரின் கை அளவும் முக்கியம். கடைகளில் அதிகம் தொங்கும் பெரிய உடல் கிட்டாரின் பெயர் ட்ரெட்நாட். 1906-இல் வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர் அது. மார்ட்டின் நிறுவனம் 1916-இல் அந்த வடிவத்தை முதலில் செய்தது. சத்தம் அதிகம் வரும். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் கை அதைச் சுற்றி வளைக்காது. சிறுவர்களுக்கு முக்கால் அளவு நைலான் கம்பி கிட்டார் ஏற்றது. நைலான் கம்பிகளின் மொத்த இழுவிசை முழு அளவுக் கிட்டாரிலேயே சுமார் 40 கிலோதான், விரலுக்கு இதம். இந்த வகைக் கிட்டாரில் மட்டும் ஒருநாளும் ஸ்டீல் கம்பி மாட்டிவிடாதீர்கள். பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

கடலோரக் காற்று

கிட்டார் மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் பொருத்தம். சென்னை, கடலூர், தூத்துக்குடியில் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் இதைவிட அதிக ஈரம் இருக்கும். ஈரத்தைக் குடிக்கும் மரம் இழைக்குக் குறுக்காக உப்பும். பலகை மேலே வீங்கி, பிரிட்ஜ் உயர்ந்து, ஆக்‌ஷன் ஏறும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் இதற்கு நேர்மாறாக மரம் சுருங்கி விரிசல் விடலாம். இதில் அதிகம் பாதிக்கப்படுவது சாலிட் டாப். லேமினேட் நின்று பிடிக்கும். வீட்டில் கிட்டாரைச் சுவரில் மாட்டித்தான் வைப்போம் என்றால் லேமினேட்டே புத்திசாலித்தனம். சாலிட் டாப் வாங்கினால் கூடவே நல்ல கேஸும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் எந்தக் கிட்டாரையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூட்டில் பசை இளகிவிடும்.

கையில் உள்ள பணம் முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாமல், ஒரு பங்கைப் புதுக் கம்பிக்கும், விவரம் தெரிந்தவரிடம் ஆக்‌ஷனையும் நெக்கையும் சரிசெய்து செட்அப் செய்வதற்கும் ஒதுக்கி வையுங்கள். சரியாக செட்அப் செய்த 8,000 ரூபாய் கிட்டார், கடையிலிருந்து அப்படியே தூக்கி வந்த 20,000 ரூபாய் கிட்டாரைவிட வாசிக்கச் சுலபமாக இருக்கக்கூடும். கடைசியாக, வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். அவர் மூன்று நான்கு கிட்டார்களை வாசிக்கட்டும். நீங்கள் திரும்பி நின்று, விலையையும் பெயரையும் பார்க்காமல், காதால் மட்டும் தேர்ந்தெடுங்கள்.