வளைவில் நழுவும் பின்சக்கரம்

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி அமைந்துள்ளது. கல்லாற்றைக் கடந்தபின் சாலை 22 கொண்டை ஊசி வளைவுகளாக மேலேறுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் இங்கு மழை பெய்யும். இத்தகைய ஈரச் சாலையில் வேகமாகத் திரும்பும் காரின் பின்பகுதி வெளிப்புறமாக நழுவி, வண்டி குறுக்காகச் சுழன்றுவிடக் கூடும். இதற்கு மிகைத் திருப்பம் என்று பெயர்.

வளைவில் வண்டியைப் பாதையில் நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வே ஆகும். வேகம் இருமடங்கானால் தேவைப்படும் பக்கவாட்டு விசை நான்கு மடங்காகிறது. 15 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவொன்றில், உலர்ந்த சாலையின் உராய்வு எண் 0.8 எனக் கொண்டால், செல்லக்கூடிய உச்ச வேகம் மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர். மழையில் உராய்வு எண் 0.4 ஆகக் குறைந்தால் அது 28 கிலோமீட்டராகிவிடும்.

அம்பாசடர் முதல் இன்றைய விரைவுச் செடான் கார்கள் சில வரை, எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கே செல்லும் வண்டிகள் பல. அவற்றின் பின்டயர்கள் வண்டியை முன்னே தள்ளவும் வேண்டும். பக்கவாட்டில் நழுவாது தாங்கவும் வேண்டும். வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், டயரின் பிடிப்பு தள்ளுவதற்கே செலவாகி, தாங்குவதற்குப் போதாமற் போகிறது. திடீரென ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டாலும் பாரம் முன்பக்கம் சாய்ந்து, பின்சக்கரங்களின் பிடி தளரும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். பொம்மைக் கார் ஒன்றின் பின்சக்கரங்கள் சுழலாதபடி ஒட்டுத்தாளால் கட்டி, சாய்ந்த பலகையில் விடுக. வண்டி திரும்பிப் பின்பக்கம் முன்னாகச் சறுக்கும். முன்சக்கரங்களை மட்டும் கட்டிவிட்டால் நேராகவே சறுக்கி இறங்கும். வண்டியின் நிலைப்பு பின்சக்கரங்களின் பிடிப்பைச் சார்ந்தது என்பது இதனால் விளங்கும்.

இந்நழுவலைத் தடுக்க எழுந்ததே மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டுச் சாதனம். 1995ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இதனை மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ்-வகுப்புக் கார்களுக்கு அளித்தது. ஓட்டுநர் ஸ்டீரிங்கைத் திருப்பிய கோணம், நான்கு சக்கரங்களின் வேகம், பக்கவாட்டு முடுக்கம், வண்டி உண்மையில் திரும்பும் வேகம் ஆகியவற்றை இது இடைவிடாது ஒப்பிடுகிறது. திரும்பும் வேகத்தை அளப்பது கைரோஸ்கோப் வகை உணர்கருவி. ராக்கெட்டின் திரும்பு வேகமும் கைரோஸ்கோப்பாலேயே அளக்கப்படுகிறது. அக்கருவிகளை உருவாக்கும் இஸ்ரோவின் இனர்ஷியல் சிஸ்டம்ஸ் யூனிட், திருவனந்தபுரத்தின் வட்டியூர்க்காவில் உள்ளது.

பின்பகுதி நழுவத் தொடங்கியதும் சாதனம் எஞ்சின் விசையைக் குறைத்து, வளைவின் வெளிப்புறத்து முன்சக்கரத்தில் மட்டும் பிரேக் போடுகிறது. அதனால் எழும் எதிர்த்திருப்பம் வண்டியை நேர்படுத்துகிறது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மிதியை உடைய ஓட்டுநர், எத்துணைத் திறமையுடையவராயினும், இதனைச் செய்ய இயலாது. 2023இல் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீட்டில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற இச்சாதனம் இன்றியமையாதது.

எனினும், இச்சாதனம் இருக்கும் உராய்வைப் பங்கிட்டுக் கொடுக்குமேயன்றிப் புதிதாக உண்டாக்காது. 28 கிலோமீட்டருக்கே இடமளிக்கும் வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தவரை எந்த மின்னணுக் கருவியாலும் பாதையில் நிறுத்த முடியாது. ஆகவே வளைவை எட்டுமுன்பே வேகத்தைக் குறைத்தல் வேண்டும்; வளைவினுள் ஆக்ஸிலரேட்டரை மெதுவாகவே கையாள வேண்டும். டயரின் பள்ளம் சட்டம் குறிக்கும் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. சாதனத்தின் எச்சரிக்கை விளக்கு வளைவில் மினுக்கினால், உராய்வின் எல்லை எட்டப்பட்டுவிட்டது என்றே பொருள். அதனைக் கண்டவர் அடுத்த வளைவை மெதுவாகக் கடப்பதே அறிவுடைமை.