பீன்ஸ் விதையில் ஒளிந்து வரும் நோய்

அடுத்த போகத்துக்கென்று கொடியிலேயே முற்றவிட்ட பீன்ஸ் நெற்றை உரிக்கும்போது, வெள்ளை விதையில் பழுப்பாக ஒரு கறை தென்பட்டால் அதை ஊன்றக் கூடாது. ஆந்த்ராக்னோஸ் என்னும் பூஞ்சாண நோய் வீட்டுத் தோட்டத்துக்குள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது. காயில் விழுந்த புண் தோலைத் துளைத்து விதைவரை இறங்கிவிடும். கறுப்பு விதை ரகங்களில் கறை கண்ணுக்கே படாது. அதனால் விதையைப் பார்த்து முடிவு செய்வது போதாது, செடியைப் பார்க்க வேண்டும். ஒரு காயில் புள்ளி விழுந்திருந்தாலும், மற்ற காய்கள் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், அந்தச் செடியில் விதை எடுக்காதீர்கள்.

அறிகுறி முதலில் இலையின் அடிப்பக்கத்தில் தெரியும். திருப்பிப் பார்த்தால் நரம்புகள் மட்டும் செங்கல் நிறமாகி, பிறகு கறுத்திருக்கும். மேலே நின்று பார்ப்பவருக்கு இலை பச்சையாகவே இருக்கும், இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அடுத்து காயில் செம்பழுப்பு ஓரத்துடன் குழிந்த வட்டப் புண்கள். ஈரம் மிகுந்த நாளில் புண்ணின் நடுவே இளஞ்சிவப்பாகப் பசை கசியும். அது முழுக்கப் பூஞ்சாண வித்துகள்.

இந்தப் பசை காய்ந்த காற்றில் பறப்பதில்லை. தெறிக்கும் மழைத்துளியிலும், ஈரக் கையிலும், செடியை உரசும் சட்டையிலும் ஒட்டிப் போகிறது. பனியோ மழையோ காயும் முன் கொடிக்குள் நுழைந்து காய் பறிப்பவர் தாமே நோயைப் பரப்புகிறார். பூவாளியால் தலைக்கு மேல் ஊற்றுவதும் அதே கேடுதான், வேரடியில் ஊற்றுங்கள். ஏறக்குறைய 13 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரையான குளிர்ச்சியும் விடாத ஈரமும் இதற்குத் தோது. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் மழைமாதங்களில் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

துரு நோய் வேறு. இலையடியில் சிறு கொப்புளங்கள் எழும், விரலால் தேய்த்தால் துருநிறத் தூள் ஒட்டும். இது காற்றில் வரும், விதையில் வராது. தொடக்கத்திலேயே கண்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம். கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும்.

ஆந்த்ராக்னோஸுக்கு மான்கோசெப் பரிந்துரைக்கப்படுகிறது. அது வராமல் காக்குமே தவிர, விழுந்த புண்ணை ஆற்றாது. பீன்ஸையோ இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்துச் சமைக்கிறோம். மருந்தடித்தபின் எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று பாக்கெட்டில் போட்டிருப்பதைப் படிக்காமல் தெளிப்பது, நோயை விடப் பெரிய ஆபத்தை அடுப்படிக்குக் கொண்டுவரும். வீட்டுத் தோட்டத்தில் நோய்ச் செடியை வேரோடு பிடுங்குவதே மேல் என்பேன்.

பிடுங்கியதை உரக்குழியில் போடாதீர்கள். எரியுங்கள், அல்லது ஆழப் புதையுங்கள். பூஞ்சாணம் காய்ந்த சருகிலும் உயிரோடு இருக்கும். அந்த இடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு பீன்ஸ் வேண்டாம், கீரையோ முள்ளங்கியோ போடலாம். கொடி ஏற்றிய குச்சிகளில் பழைய தண்டின் சுருள்கள் ஒட்டியிருக்கும். அவற்றைச் சுத்தமாக உரித்து, குச்சிகளைக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே மறுபடி நடுங்கள்.